போர்டிங் அறையில் ஏறிய 12 கிலோ

கேள்வி: நான் ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவள், வயது 25. இரண்டரை வருடமாக வவுனியாவில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை செய்கிறேன். குருமன்காட்டில் போர்டிங். வரும்போது 52 கிலோ இருந்தேன், இப்போது 64. உயரம் 157 சென்ரிமீற்றர். போர்டிங்கில் சமைக்க விடமாட்டார்கள், கேத்தில் மட்டும் வைத்திருக்கலாம். காலையில் பெரும்பாலும் ஒன்றும் சாப்பிடுவதில்லை, பத்து மணிக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும். மதியம் சோற்றுப் பார்சல். இரவு கொத்து, இல்லாவிட்டால் பாணும் பருப்பும், சில நாள் நூடில்ஸ். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க ஏலாது என்பதால் சோடா குடிக்கப் பழகிவிட்டேன். கந்தோர் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை, ஆனால் ஸ்கூட்டியில்தான் போவேன். நடந்தால் நாய்த்தொல்லை, மோட்டார்சைக்கிளில் பின்னால் வருகிறவர்களின் தொல்லை. அம்மா மூன்று நேரமும் சோறுதான் சாப்பிடுகிறா, ஆனால் மெலிந்துதான் இருக்கிறா. எனக்கு மட்டும் ஏன் இப்படி? மாதவிடாயும் இப்போது 45, 50 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் மெலிவதற்கு மூலிகைத் தேநீர் விற்கிறார், மாதத்துக்கு 6,500 ரூபா. வாங்கலாமா? எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.
(பெயர் வேண்டாம்), வவுனியா

பதில்: தங்கச்சி, தேநீர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். மெலிவதற்கென்று விற்கப்படும் தேநீர்கள் பலவற்றில் இருப்பது நிலாவாரை. அது பேதி மருந்து. வயிற்றால் போகும், உடம்பில் தண்ணீர் குறையும், தராசில் ஒன்றிரண்டு கிலோ இறங்கின மாதிரிக் காட்டும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இதைவிட மோசமானது, ‘முழுக்க மூலிகை’ என்று எழுதிய பொடிகளுக்குள் சிபுட்ராமின் என்ற மருந்தை ஒளித்துக் கலப்பது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. அதற்குப் பிறகும் மெலிவுப் பொடிகளில் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் விற்கிறார் என்று நான் சொல்லவில்லை. பக்கற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. 6,500 ரூபாவுக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அடுத்தது மாதவிடாய். நீங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள், எனக்கோ அதுதான் முதலில் கண்ணில் பட்டது. 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தால் ஒரு வைத்தியரிடம் காட்ட வேண்டும். நிறை கூடுவதோடு சேர்ந்து இப்படி வருவதற்கு, பிசிஓஎஸ் என்கிற சூலகப் பிரச்சினை ஒரு பொதுவான காரணம். தைரொயிட் குறைவாகச் சுரப்பதும் இருக்கலாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தைரொயிட்டுக்கான ரிஎஸ்எச், வெறும்வயிற்றுச் சீனி, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மாதவிடாய் பிந்தினால் கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள். மனம் கோணாதீர்கள், எல்லோரிடமும் கேட்பதுதான்.

அங்கே ஒரு விஷயம் கவனிப்பீர்கள். அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் என்று ஒன்று இருக்கும். நிறை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். ஆனால் அது 35 வயது தாண்டியவர்களை மனதில் வைத்து அமைந்தது. பாடசாலையில் கடைசியாக உங்களை நிறுத்துப் பார்த்தார்கள். இனி நீங்கள் கலியாணம் முடித்த பிறகுதான் குடும்பநல உத்தியோகத்தர் நிறுப்பார். இடையில் இருக்கிற பத்து வருடமும் வேலைக்காக ஊரைவிட்டு நகரத்துக்கு வரும் வருடங்கள், நிறை ஏறும் வருடங்கள். அப்போது யாரும் தராசோடு வருவதில்லை.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 52 கிலோவில் உங்கள் உடற்திணிவுச் சுட்டி 21. இப்போது 26. வெள்ளைக்காரருக்கு 25 வரை சரி என்பார்கள். ஆசியர்களுக்கு 23க்கு மேல் கவனம் வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் உடல்வாகில் கொழுப்பு வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேர்வது கூட. அதனால் நீரிழிவும் மற்றவர்களைவிடக் குறைந்த நிறையிலேயே எட்டிப்பார்க்கும். தொப்புள் மட்டத்தில் ஒரு தையல் நாடாவால் அளந்து பாருங்கள். 80 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் எனக்கு எழுதும்போது அதையும் எழுதுங்கள்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஏறாதது உங்களுக்கு ஏன் ஏறியது?

12 கிலோ பெரிய எண் மாதிரித் தெரிகிறது. இரண்டரை வருடத்துக்குப் பங்குபோட்டால், ஒரு நாளுக்கு நீங்கள் கூடுதலாகச் சாப்பிட்டது தோராயமாக 100 கலோரியிலிருந்து 300 கலோரிக்குள்தான். தொடக்கத்தில் குறைவாக இருந்திருக்கும், உடம்பு பெருக்கப் பெருக்க அதைத் தாங்கவே கொஞ்சம் கூடத் தேவைப்படும். 100 கலோரி என்பது மூன்று கரண்டி சீனி போட்ட ஒரு பால் தேத்தண்ணி. 300 கலோரி என்பது அதோடு ஒரு ரோல்ஸ். மனக்கட்டுப்பாடு இல்லாதவர் விழுந்து விழுந்து சாப்பிட்டு வந்த நிறை இல்லை இது. ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பக்கம் சரிந்த தராசு. சரித்தது எது என்று பார்க்க உங்கள் மனதுக்குள் போகத் தேவையில்லை, நீங்கள் இருக்கும் ஒரு கிலோமீற்றர் வட்டத்தைப் பார்த்தால் போதும்.

அம்மா ஒட்டுசுட்டானில் காலையில் எழும்பி முற்றம் கூட்டி, மாட்டைக் கட்டி, கிணற்றில் அள்ளி, வயலுக்கோ தோட்டத்துக்கோ போய், விறகு பார்த்து, சந்தைக்கும் கோவிலுக்கும் போய்வருவார் என்று நினைக்கிறேன். இவற்றில் ஒன்றையும் அவர் உடற்பயிற்சி என்று சொல்லமாட்டார். உங்கள் வயதில் அவர் எப்படிப் போய்வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். 90களில் போர், வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, மோட்டார்சைக்கிள்கள் மண்ணெண்ணெய்யில் இருமிக்கொண்டு ஓடின. வன்னிப் பெண்கள் பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, செத்தவீடு எல்லாவற்றுக்கும் லுமாலா சைக்கிளில்தான் போனார்கள், பின் கரியரில் பிள்ளை, முன்னால் அரிசிப் பை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு பெண் பத்துக் கிலோமீற்றர் மிதித்துப் போவதை எவரும் திரும்பிப் பார்க்காத ஊராக இது இருந்தது. 2022இல் கியூஆர் அட்டையோடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோதும் சைக்கிள் கொஞ்சக்காலம் திரும்பி வந்தது. வரிசை போனதும் சைக்கிளும் போய்விட்டது.

(அம்மா மெலிந்திருப்பதை வைத்து அவர் சுகமாக இருக்கிறார் என்றும் முடிவுகட்டாதீர்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிற பெண்களில் இரத்தச்சோகை சாதாரணம். அவருடைய வயதுக்கு அந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் திறந்திருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள்.)

உங்கள் நாளில் என்ன இருக்கிறது? ஒன்பது மணித்தியாலம் கதிரை. ரார்கெட் முடிக்காமல் மதியச் சாப்பாட்டுக்கு எழும்ப முடியாத வேலை. பகல் முழுக்க வயல் வெட்டுகிற ஆளுக்கு அளந்து கட்டிய சோற்றுப் பார்சல், அதில் கீரை ஒரு கரண்டி. அடுப்பில்லாத அறை. வாசலில் இறங்கினால் இரண்டு நிமிடத்தில் பேக்கரி, ஐந்து நிமிடத்தில் கொத்துத் தட்டுகிற சத்தம். மரக்கறிச் சந்தை வேலைநேரம் முடிய முன்பே களைத்துப்போய்விடும். திறந்திருந்தாலும், அடுப்பில்லாத நீங்கள் அங்கே பூசணிக்காய் வாங்கி என்ன செய்வது? இந்த அறையில் யாரை விட்டாலும் நிறை ஏறும். என்னை விட்டாலும் ஏறும்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1994இலிருந்து 1998 வரை ஐந்து நகரங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. மிக ஏழ்மையான குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில், குலுக்கலில் வந்த சிலருக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தப் பெண்களை அளந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். இடம் மாற வாய்ப்புக் கிடைத்த குழுவில் கடும் உடற்பருமனும் நீரிழிவும் குறைவு. யாருக்கும் டயட் சொல்லிக் கொடுக்கவில்லை, ஜிம்முக்கு அனுப்பவில்லை. மாறியது இடம் மட்டும்தான். கடையா, பயமில்லாத தெருவா, மன அழுத்தம் குறைந்ததா, எது வேலை செய்தது என்று அந்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை; எனக்கு என்னவோ தெருவில் பயமில்லாமல் நடக்க முடிந்ததுதான் பெரிய பங்கு என்று தோன்றுகிறது.

சாப்பாட்டுப் பக்கத்துக்கும் ஒன்று சொல்கிறேன். 2019இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், 20 பேரை ஒரு ஆராய்ச்சி வைத்தியசாலையில் தங்கவைத்து, இரண்டு கிழமை தொழிற்சாலை உணவும் இரண்டு கிழமை சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த சீனி, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமப்படுத்தியிருந்தார்கள், வேண்டிய அளவு சாப்பிடலாம். பக்கற் உணவுக் கிழமைகளில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள், இரண்டு கிழமையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. மனக்கட்டுப்பாடு அதே ஆட்களுடையதுதானே, அது இரண்டு கிழமையில் மாறியிராது.

ஆகவே நான் உங்களுக்கு உணவு அட்டவணை தரப்போவதில்லை. அறையையும் வழியையும் மாற்றுவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் அடுப்பு. இதில்தான் நீங்கள் சண்டை பிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. போர்டிங் அன்ரியிடம் தனியாகப் போகாமல், கூட இருக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து போங்கள். அவருக்கு இரண்டு பயம் இருக்கும், கரண்ட் பில்லும் தீயும். ‘ஒரே ஒரு சின்ன ரைஸ் குக்கர், விறாந்தையில் வைக்கிறோம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும், பில்லுக்கு மாதம் இவ்வளவு சேர்த்துத் தருகிறோம்’ என்று கணக்கோடு கேளுங்கள். தேநீருக்குக் கொடுக்க இருந்த காசு அந்தக் குக்கருக்குப் போகட்டும். ரைஸ் குக்கர் என்பது சோறு வைக்கிற பாத்திரம் மட்டும் இல்லை. பருப்பும் கீரையும் ஒன்றாக அவியும், முட்டை அவியும், கௌபி அவியும், மேல்தட்டில் மரவள்ளியோ வற்றாளையோ வேகும். இரவுச் சாப்பாடு இப்படிக் கிழமையில் நாலு நாள் உங்கள் கைக்கு வந்துவிட்டால் கொத்து தானாக சனிக்கிழமைச் சாப்பாடாகிவிடும். சனிக்கிழமை கொத்து சாப்பிடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அன்ரி மறுத்தால்? கேத்தில் இருக்கிறதே. காலையில் சத்துமாவுக்குக் கொதிநீர் ஊற்றிக் குழைத்து ஒரு வாழைப்பழத்தோடு சாப்பிட ஐந்து நிமிடம் போதும். முதல் நாள் இரவு ஊறவைத்த பயறு, தயிர், பப்பாசிப்பழம் ஒன்றுக்கும் அடுப்பு வேண்டாம். காலையில் ஏதாவது உள்ளே போனால் பத்து மணி ரோல்ஸோடு போராட வேண்டியிராது. வெறுவயிற்றோடு பத்து மணிவரை கம்பியூட்டருக்கு முன்னால் இருந்துவிட்டு ரோல்ஸை வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது.

மதியம் பார்சலை இருவர் பங்கிடுங்கள். கூட வேலை செய்யும் ஒருவருக்கும் இதே கவலை இருக்கும், கேட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு பார்சலும் மேலதிகமாக ஒரு மரக்கறியும் ஒரு மீன் துண்டும் என்று வாங்கினால் இருவருக்கும் போதும், காசும் மிச்சம். ‘சோறு குறைச்சு மரக்கறி கூட்டிக் கட்டுங்கோ’ என்றால் பெரும்பாலான கடைக்காரர் கட்டித் தருவார்கள். முதல் நாள் மட்டும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகம் உங்கள் பக்கம் என்றால் அங்கே போங்கள். பெண்களே நின்று சமைப்பது. குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி மாதிரி நகரக் கடைகளில் காணாமல்போனவை கிடைக்கும். வடையும் அங்கே இருக்கிறது, அது வேறு கதை.

சோடா. உங்களைக் குறை சொல்ல மாட்டேன், வவுனியாவின் கல்லுத்தண்ணீர் எனக்கும் தெரியும். சிறுநீரக நோய்ப் பயத்தில் பாதி ஊர் குடிதண்ணீர் வாங்கித்தான் குடிக்கிறது. நீங்களும் அறைக்கு ஒரு பெரிய கான் வடிகட்டிய தண்ணீர் பங்குபோட்டு எடுத்து, போத்தலில் கந்தோருக்குக் கொண்டுபோங்கள். சோடாப் போத்தலில் 2016இலிருந்து ஒரு நிற வட்டம் இருக்கும். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. மஞ்சள் என்றால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். 8 கிராம் போட்டிருந்தாலும் அது மஞ்சள்தான். 400 மில்லிலீற்றர் போத்தலில் அது 32 கிராம், ஆறு தேக்கரண்டிக்கு மேல். நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேத்தண்ணிச் சீனியை மூன்றிலிருந்து இரண்டாக்குங்கள், ஒரு மாதம் கழித்து ஒன்று. ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் திரும்பிவரும்.

இனி வழி. கந்தோர் 900 மீற்றர் என்று வைத்தால், போகவர 25 நிமிடம். ஆறு நாள் நடந்தால் 150 நிமிடம். பெரியவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அப்படியே உங்கள் கந்தோர் வழியில் கிடக்கிறது. ஜிம்முக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் ‘நடங்கள்’ என்று எழுதுவது எனக்குச் சுலபம், பின்னால் மோட்டார்சைக்கிள் வருவது உங்களுக்கு. அது உங்கள் தயக்கத்தால் வந்த பிரச்சினை இல்லை, தெருவின் பிரச்சினை. அதனால் காலையில் மட்டும் தொடங்குங்கள்: எட்டு மணிக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரம், தெருவில் ஆள் இருக்கும். போர்டிங்கில் இன்னும் ஒருத்தியையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இருவராகப் போனால் நாயும் குறைவாகக் குரைக்கும், ஆட்களும் குறைவாகக் குரைப்பார்கள். வரும்போது இருட்டு என்றால் கூடவேலை செய்பவரின் ஸ்கூட்டியில் ஏறி வாருங்கள், குற்றமில்லை. பாதி நடந்தாலும் பாதி. மீதியை மதியம் சாப்பிட்டபின் பத்து நிமிடம், ஞாயிறு ஊருக்குப் போனால் குளக்கட்டில் ஒரு நடை என்று சேர்த்துவிடலாம். ‘ஸ்கூட்டி பழுதோ?’ என்று கேட்பார்கள். பழுது என்று சொல்லிவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. ஊருக்குப் போனால் ‘முகம் வாடிப்போச்சு’ என்று மூன்றாம் தரமும் சோறு போடுவார், வரும்போது பலகாரம் கட்டித் தருவார், இல்லையா? கோபப்படாதீர்கள். போர் முடிந்த 2009இல் நீங்கள் எட்டு வயசுப் பிள்ளை. ஒரு அகப்பை கஞ்சிக்கு வரிசையில் நின்று, அதையும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை அது. பிள்ளையின் கன்னம் நிறைந்திருப்பதுதான் அவர்களுக்குக் கண்ணால் காணக்கூடிய நிம்மதி. ‘டயட்டில் இருக்கிறேன்’ என்று தட்டைத் தள்ளினால் அவர் கேட்பது வேறு ஏதோ. அதனால் வேண்டாம் என்று சொல்லாமல், வேறொன்றைக் கேளுங்கள். சீனி அரியதரத்துக்குப் பதில் வறுத்து இடித்த சத்துமா, உழுத்தம்மா, இடிச்ச சம்பல், தோட்டத்துத் தேசிக்காய், பின்வளவு முருங்கையிலை. கிழமை முழுக்க அம்மாவின் கை உங்கள் அறையில் இருக்கும், அவருக்கும் மகளுக்குச் செய்கிற வேலை குறையாது.

இலக்கு 52 வேண்டாம். 61 கிலோ போதும், அதாவது இப்போதைய நிறையில் ஐந்து வீதம் குறைந்தால் போதும். பிசிஓஎஸ் என்றாலும் இந்த அளவு குறைவிலேயே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. அதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு தரம், ஒரே தராசில், காலையில் நிறுத்தால் போதும், நாள் நாளாக நிறுக்க வேண்டாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் குறைக்கிறீர்கள் என்றால் அதற்கு என்னிடம் ஆலோசனை இல்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். ரிஎஸ்எச் கூடவோ வெறும்வயிற்றுச் சீனி 100க்கு மேலோ இருந்தால் எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காமல் வைத்தியரிடம் திரும்பப் போங்கள்.

கடைசியாக, இதை வாசிக்கிற போர்டிங்காரருக்கும் கம்பனி முகாமையாளருக்கும் இரண்டு வரி. வவுனியாவில் பல்கலைக்கழகத்துக்கும் கந்தோர்களுக்கும் கடைகளுக்கும், கிளிநொச்சியில் அறிவியல் நகர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகள் வந்து தங்குகிறார்கள். வாடகைக்கு அறை கொடுக்கும்போது ஒரு அடுப்புக்கும் இடம் கொடுங்கள். கந்தோரில் மதியம் அரை மணித்தியாலம் என்று எழுதியிருந்தால் அந்த அரை மணித்தியாலத்தில் போன் அடிக்காதீர்கள்.